கண்டக்குழிக் காட்சி நிலையம்

"வாப்பா, படம் வராத நேரம் அந்தக் கறுப்புக்குள்ள ஆரு ஈக்கிற?"

நஸ்லா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் நானா என்று கூப்பிடும் மூத்த அண்ணன் அஸ்ஹான் கட்டாரிலிருந்து அனுப்பிய ஹோம் தியேட்டர் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. நூர்தீன் கருவாட்டுச் சாக்கொன்றின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். "ஒத்தரும் இல்ல மகள்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார். பிள்ளைகளுக்குச் சொல்லும் பதில்களை நாம் அவ்வளவாக யோசித்துச் சொல்வதில்லை. அந்தப் பதில் பிழை என்பது அடுத்த வருடம்தான் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கறுப்புக்குள் ஓர் அதிகாரசபை இருந்தது.

கற்பிட்டித் தீபகற்பத்துக் கண்டக்குழியில் கடலைப் பார்த்த வாசலோடு நிற்கும் கடைசி வீடு நூர்தீனுடையது. வாசலுக்கு நேரே, கடலுக்குள், ஒரு கல்லுப்பார் கிடக்கிறது. அலைக்குக் கீழே மறைந்து கிடக்கும் அந்தக் கல்வரிசையில் ஒரேயொரு திறப்பு உண்டு. படகுகள் அதனூடாகத்தான் கரைக்கு வரும். பகலில் கண்ணால் பார்த்து வருவார்கள். இருட்டிவிட்டால் கரையிலுள்ள உல்லாச விடுதிகளின் விளக்குகளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

தென்னைகளுக்கு அப்பால் பஸ்தியானின் வீடு. அவருடைய மனைவி யூஜினி பின்னேரமானால் ரேடியோ செட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலிலுள்ள படகுகளோடு கதைப்பாள். காற்றின் குணம் மாறினால், "பிள்ளையள், பிடிச்சது காணும், வாங்கோ" என்பாள். அவர்களும் வருவார்கள். நீண்டகாலமாக நடந்துவந்த இந்த ஏற்பாட்டில் ஒரேயொரு குறை இருந்தது. அதற்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

அந்தக் குறையை நீக்கத்தான் கரையோரக் காட்சி எச்சரிக்கை அதிகாரசபை உருவாக்கப்பட்டது. வாயால் சொல்லும் எச்சரிக்கையைக் காது பிழையாகக் கேட்கலாம். கண் பிழையாகப் பார்க்காது என்று அது கண்டுபிடித்திருந்தது. ஆகவே இனிமேல் புயலோ, கடற்கொந்தளிப்போ, எல்லாம் படமாக மட்டுமே அறிவிக்கப்படும். ஒவ்வொரு கரையோர ஊரிலும் ஒரு காட்சி நிலையம் அமையும். கண்டக்குழியில் கட்டடத்துக்கு ஒதுக்கிய நிதி, கட்டடம் தேவையா என்பதை ஆராய்ந்து முடிந்துபோயிருந்தது. அப்போதுதான் ஊரில் ஒரு ஹோம் தியேட்டர் இருக்கும் செய்தி புத்தளத்திலுள்ள அதன் அலுவலகத்துக்கு எட்டியது.

பணிப்பாளர் ஹயாத்து முகம்மது வெள்ளை வாகனமொன்றில் வந்து இறங்கினார். மென்மையான குரல், வாசனை பூசிய கைக்குட்டை. ஸலாம் சொல்லி, தேநீர் குடித்து, பிள்ளையின் தலையைத் தடவிய பிறகு, நூர்தீனின் மண்டபம் இன்றிலிருந்து அரசாங்க அலுவலுக்கு எடுக்கப்படுகிறது என்று சொன்னார். வீட்டார் அதைக் கடந்து குசினிக்குப் போவதில் அதிகாரசபைக்கு ஆட்சேபணை இல்லை. நின்று பார்ப்பதில் இருக்கிறது.

"வேற வூட்டப் பாக்க ஏலாதா சேர்?" என்று நூர்தீன் கேட்டார்.

"பாத்தம். எல்லா வூட்டிலயும் ஆக்கள் ஈக்கிறாங்க" என்றார் பணிப்பாளர். நூர்தீனின் வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். அதை அவர் சொல்வதற்குள் பெயர்ப்பலகையை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸஜீத் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து படத்தை வாங்குவது அந்தப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் ஒலிபெருக்கிக்கு, அங்கிருந்து இன்னொரு வயர் டீவிக்கு. வீட்டாரின் வயர் இருந்த ஓட்டையை விட்டு, பக்கத்து ஓட்டையில் அதைச் செருகினார். மின்சாரம் நின்றாலும் எச்சரிக்கை நிற்கக்கூடாது என்பதற்காக, திரைக்கும் அதோடு பூட்டிய பெட்டிகளுக்கும் மட்டுமென்று இரண்டு பெரிய பற்றரிகள் வைக்கப்பட்டன. கடைசியில் முத்திரை. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு காகிதப் பட்டி. அதில் ஒரு கண், அதற்குக் கீழே மூன்று அலை. டீவியின் கீழ் விளிம்பில், சின்னச் சிவப்புப் புள்ளியொன்று எரியும் இடத்தில் தொடங்கி, கீழே மேசைவரை வரும்படி பணிப்பாளரே தன் கையால் ஒட்டினார். டீவியை இனி யாரும் அசைக்க முடியாது. அசைத்தால் முத்திரை கிழியும். முத்திரை கிழிந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. வண்ணாத்திவில்லுவில் ஒருவருக்கு நடந்ததைக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நூர்தீன் விசாரித்தார். அந்த மனிதரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது அவருடைய பயத்தைக் கூட்டியது.

போகும்போது யூஜினியின் ரேடியோ செட்டையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு செய்தி இரண்டு வாயால் வரக்கூடாதாம்.

திறப்புவிழா காலையில் நடந்தது. கடலுக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஸஜீத் டீவியின் பின்பக்கம் கைவிட்டு, அங்கிருந்த ஒரே பொத்தானை அமத்தினார். திரை நீலமாகியது. அதில் வெள்ளை எழுத்தில் "சிக்னல் இல்லை" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் திரை தானாக உறங்கிக் கறுப்பாகியது. பணிப்பாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அதன் பிறகு பழுது பார்த்தல் தொடங்கியது. ஸஜீத் வயரைக் கழற்றிப் பூட்டினார். தலையைக் காலாகவும் காலைத் தலையாகவும் மாற்றிப் பூட்டினார். தடித்த வயர் வந்தது. நுனிக்குப் பொன்முலாம் பூசிய வயர் வந்தது. பிறகு கொழும்பிலிருந்து, வீட்டை ஒருமுறை சுற்றிக் கட்டக்கூடிய நீளத்தில் ஒரு வயர் வந்தது. அதை மேசைக்குக் கீழே பாம்புபோல் சுருட்டி வைத்தார்கள். நீலம் வந்தது, கறுப்பு வந்தது, படம் வரவில்லை.

காரணத்தை ஸஜீத் எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார். "இந்தப் பெட்டியும் டீவியும் முதல்ல ஒண்டுக்கொண்டு ஸலாம் சொல்லி ஆளறியோணும். அதுக்குப் பொறகுதான் படம். பெட்டி ஒழுங்காச் சொல்லுது. டீவிதான் பதில் சொல்லுதில்ல."

குசினியில் இருந்த நூர்தீனின் மனைவி மைமூனாவுக்கு இது காதில் விழுந்தது. அன்று இரவில் கணவரிடம், "எங்கட வூட்டுச் சாமான் ஸலாத்துக்குப் பதில் சொல்லாதெண்டு ஊருக்கு முன்னால சொல்லிட்டாங்களே" என்றாள்.

ரிமோட் பணிப்பாளரின் பொறுப்பில் இருந்தது. அதை ஒரு காகித உறையில் போட்டு அரக்கு வைத்திருந்தார். அவர் வரும் நாளெல்லாம் உறை திறக்கப்படும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஸஜீத் முதலில் போய், முத்திரை நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பெருவிரலால் அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் அழுத்திப் பார்ப்பார். பிறகு பணிப்பாளர் பிஸ்மி சொல்லி ஒரு பொத்தானை அமத்துவார். திரையில் ஒரு மாற்றமும் இராது. "பதில் இல்லை" என்று அறிவித்துவிட்டு ரிமோட்டைத் திரும்ப உறைக்குள் வைப்பார். எல்லோரும் உட்காருவார்கள்.

இந்த விசித்திரத்தை அதிகாரசபை ஆராயாமல் விடவில்லை. ஒரு குழு வந்தது. அது பாய்களின் தூரத்தை அளந்தது. கடற்காற்றின் உப்பைக் குற்றம் சொன்னது. பெட்டிக்கு மேலதிகமாக இரண்டு முத்திரைகளைச் சிபாரிசு செய்து, ஒட்டியும் விட்டது. இதே மேற்குக் கரையிலுள்ள உடப்பில் நிலைமை இதைவிட நல்லது என்று குழுவின் தலைவர் சொன்னார். அங்கே படம் வருகிறதாம். கிழக்குக் கரையின் படம். உடப்பு மக்கள் மட்டக்களப்பில் வீசும் காற்றுக்குத் தங்கள் வலைகளைக் கட்டிவைக்கிறார்கள். ஆனால் பார்த்தல் ஒழுங்காக நடக்கிறது.

பார்த்தல்தான் முக்கியம் என்பது அப்போதுதான் கண்டக்குழிக்குத் தெரிந்தது. மீனவர்களில் ஒருவனான ஸப்ராஸ், படமே இல்லாத இடத்தில் தாங்கள் வந்து குந்தி என்ன பயன் என்று கேட்டான். பணிப்பாளர் கோபிக்கவில்லை. அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. அதுதான் அவரிடம் பயப்படவேண்டிய விடயம்.

"தம்பி, படம் வாறது எஞ்சினியர்மார்ட வேல. பாக்கிறது உங்கட கடம. எங்கட வேல நடக்கல்ல எண்டு நீங்க உங்கட கடமய விடுவீங்களா? நாளைக்கி ஒரு அனர்த்தம் வந்தா, அதிகாரசபை காட்டவில்லை எண்டு ஆரும் சொல்லக்கூடாது. ஊர் பாக்கவில்லை எண்டும் ஆரும் சொல்லக்கூடாது. ரெண்டு பக்கமும் சுத்தமா ஈக்கோணும்."

அதிலிருந்து ஒவ்வொரு விடியலிலும், கடலுக்குப் போகுமுன், ஆண்கள் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் ஓர் எச்சரிக்கையைப் பார்த்துமுடிக்க எடுக்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் எழுந்து "பார்த்தோம்" என்றார்கள். ஆபத்து எதுவும் காட்டப்படவில்லை. ஆகவே கடல் உத்தியோகபூர்வமாகப் பாதுகாப்பானது. பார்த்த பிறகும் கடலுக்குப் போகாதவன் வேறெங்கோ தனியார் எச்சரிக்கை பெறுகிறான் என்று கருதப்பட்டது. அப்படிப்பட்டவனின் எரிபொருள் அட்டை நிறுத்தப்படும்.

"படத்தில கதாநாயகி எப்ப வாறா?" என்று ஸப்ராஸ் பஸ்தியானின் மகன் நிலுக்சனின் காதுக்குள் கேட்பான். "பொறு மச்சான், இது இடைவேளை" என்பான் நிலுக்சன். தொடக்கத்தில் பாயில் சிரிப்புக் கேட்டது. பிறகு குறைந்தது. அந்தத் திரையின் முன் அதிகநேரம் இருந்தால் அதுதான் தங்களைப் பார்க்கிறது என்ற எண்ணம் வந்தது. ஆண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள், சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். நஸ்லா மண்டபத்தைக் கடக்கும்போது ஓடினாள்.

இந்த இடத்தில் பஸ்தியானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை ஏற்றிவந்த வள்ளமொன்றில் நூர்தீன் பத்து வயதுப் பிள்ளை. மழையும் இருட்டும். கரை எந்தப் பக்கம் என்று ஓட்டியவருக்கே தெரியாத நேரத்தில் ஒரு நெருப்பு எழும்பியது. அன்று வாலிபனாக இருந்த பஸ்தியான், விறகு நனைந்து பற்றாததால், தன் குசினிக் கூரையில் உள்பக்கம் புகையில் காய்ந்துகிடந்த தென்னோலைக் கிடுகுகளை இழுத்துப் போட்டுக் கொளுத்தியிருந்தார். விடிந்தபோது அந்தக் குசினிக்கு மேலே வானம் தெரிந்தது. பஸ்தியான் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நூர்தீனின் உம்மா மட்டும் மௌத்தாகிக் கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வூட்டுக்கு நாங்க ஒரு கூர கடன்."

நவம்பர் கடைசியில் ஒரு விடியல் மஞ்சளாக விடிந்தது. தென்னைகள் அசையவில்லை. காகங்கள் ஊருக்குள் வந்து கூரைகளில் பேசாமல் இருந்தன. ஆண்கள் வழமைபோல் பாயில் உட்கார்ந்தார்கள். ஸஜீத் பெட்டியைப் போட்டபோது ஸ்பீக்கர்களில் ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல். "கற்பிட்டி முதல்..." என்று தொடங்கியது. ஸஜீத் உடனே சத்தத்தைக் குறைத்தார். படமில்லாத சத்தத்துக்கு அங்கீகாரம் இல்லை என்பது விதி. சத்தம் ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் குறைக்கப்பட்டிருக்கிறது.

தேநீர்த் தட்டோடு நின்ற நூர்தீன், "சேர், அந்த நோனா என்னமோ கற்பிட்டியப் பத்திச் சொன்னா" என்றார்.

"சொல்லுவாங்க நானா. காட்டட்டும், பாப்பம்" என்றார் பணிப்பாளர்.

இடது தோள் இறங்கிப்போனதால் ஒரு வருடமாகக் கடலுக்குப் போகாத பஸ்தியான் வாசலில் நின்றார். "ஐயா, மேகம் சரியில்ல. இண்டைக்குப் பெடியளை விடவேணாம்."

"மேகத்த நான் குறை சொல்லல்ல" என்றார் பணிப்பாளர். "ஆனா அது எங்கட நிரலில வாற மேகமில்ல. ஊரவங்க வானத்தப் பாக்கத் தொடங்கினா, நிலையத்த ஆரு பாக்கிற?"

எல்லோரும் எழுந்து "பார்த்தோம்" என்றார்கள். ஸப்ராஸுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் இருந்தது. சிலரின் இஞ்சின்களும் திடீரெனப் பழுதாகின. நிலுக்சனுக்குப் பொய் சொல்ல வராது. அட்டை நின்றால் தகப்பனுடைய மருந்துக்கு வழியில்லை. அவன் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். நூர்தீன் தட்டை வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினார். படகு கல்லுப்பாரின் திறப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நிலுக்சன் திரும்பிப் பார்த்து, வழியனுப்புவதாக நினைத்துக் கையசைத்தான்.

பகலுக்குப் பிறகு கடல் ஈயநிறமாகியது. பிறகு காற்று வந்தது. விடுதிகளின் கிடுகுகள் பறந்தன. மின்கம்பம் ஒன்று சரிந்து ஊர் முழுவதும் மின்சாரம் நின்றது. யூஜினி, ரேடியோ செட் இருந்த வெறும் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளும் பஸ்தியானும் மாதா கோவிலுக்குப் போய் முழந்தாளில் நின்றார்கள் என்று ஆட்கள் சொன்னார்கள்.

பணிப்பாளர் ஸஜீதையும் கூட்டிக்கொண்டு வாகனத்தில் ஏறினார். விதிப்படி, புயல் ஏற்பட்ட ஊரிலுள்ள அதிகாரி புத்தளத்துக்கு நேரில் சென்று, தன் நிலையத்தில் புயல் காட்டப்படவில்லை என்பதை அறிவிக்கவேண்டும். ரிமோட் இருந்த உறையை நூர்தீனிடம் கொடுத்தார்.

"இது ஒரு அமானிதம் நானா, உங்கள நம்பித் தாற. தொறக்க வாணாம். முத்திரயப் பாத்துக்கொள்ளுங்க. உசிரப் போல."

"எந்த உசிரப் போல சேர்?" என்று நூர்தீன் கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வாகனம் போய்விட்டது.

பாடசாலைக் கட்டடம் உறுதியானது என்று மைமூனாவையும் நஸ்லாவையும் அங்கே அனுப்பினார். தானும் வருவதாகத்தான் சொன்னார். கதவைப் பூட்ட மண்டபத்துக்குள் வந்தபோது அந்தி, மஃரிப் தொழுகை நேரம். வெளியே கரையும் கடலும் ஒரே கறுப்பு. விடுதிகளில் ஒரு வெளிச்சமில்லை. கல்லுப்பாரில் அலை மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அப்பால் எங்கோ இரண்டு பிள்ளைகள் திறப்பைத் தேடிக்கொண்டிருக்கவேண்டும். நெருப்பு மூட்டலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அடித்த மழையில் ஒரு நெருப்புக்குச்சிகூட நிற்காது.

மேசைக்குக் கீழே அதிகாரசபையின் பற்றரிகளில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது.

அவர் டீவியின் பின்னால் கைவிட்டார். திரை நீலமாகியது. அந்த நீலம் சுவரில் பட்டது. எதிர்ச் சுவரில் மட்டும். வாசலுக்கு அது முகம் காட்டவில்லை. திருப்பவேண்டுமென்றால் முத்திரையை எடுக்கவேண்டும். வண்ணாத்திவில்லு மனிதனை அவர் நினைத்தார். அஸ்ஹானின் கடவுச்சீட்டை, மைமூனாவை, தன் கருவாட்டு அனுமதியை நினைத்தார். பிறகு கிடுகில்லாத ஒரு குசினியை நினைத்தார். பிஸ்மி சொல்லி நகத்தால் முத்திரையின் நுனியை எழுப்பினார். அது உரிந்து வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

திரையை இரண்டு கையாலும் அணைத்து வாசலுக்கு நேரே திருப்பினார். கொழும்பிலிருந்து வந்த நீள வயர் தாராளமாக இடம்கொடுத்தது. அதிகாரசபை அனுப்பியவற்றில் முதன்முதலாகப் பயன்பட்டது அதுதான். கதவைத் திறந்து கல் முட்டுக்கொடுத்தார். நீல வெளிச்சம் படிக்கட்டில் இறங்கி, மணலைக் கடந்து, நுரையில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் திரை உறங்கியது. ஓடிவந்து பின்னால் அமத்தினார். திரும்பவும் உறங்கியது. வாசலில் நின்று கடலையும் பார்க்கவேண்டும், திரையையும் எழுப்பவேண்டும். உறையின் ஓரத்தைக் கிழித்து ரிமோட்டை எடுத்து, இருட்டில் கைக்குப் பட்ட ஒரு பொத்தானை அமத்தினார்.

டீவி கேட்டது. திரையில் படம் வந்தது.

கறுத்த கடல். அதன் ஓரத்தில் விரல்போல் நீண்ட கற்பிட்டி. அதன் மேல் கருஞ்சிவப்பில் ஒரு பெரிய சுழி. கீழே ஒரு வரி: "கடலுக்குச் செல்ல வேண்டாம்." கண்டக்குழி அத்தனை விடியல்களிலும் பாயிலிருந்து காத்திருந்த படம் அது. டீவி வீட்டாரின் பழைய ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்க, இவ்வளவு காலமும் அது அந்தப் பக்கத்து ஓட்டையில் வந்து நின்றிருக்கிறது. ரிமோட்டைப் பார்க்கும் அந்தச் சிவப்புப் புள்ளியை, திரையின் சின்னக் கண்ணை, அதிகாரசபையின் பெரிய கண் மூடியிருந்ததால் யாராலும் அதைக் கூப்பிட முடியவில்லை.

நூர்தீன் படத்தைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். இருண்ட படத்தின் வெளிச்சம் படிக்கட்டைக்கூடத் தாண்டவில்லை. அவர் அந்தப் படத்தை நீக்கிவிட்டு, "சிக்னல் இல்லை" என்ற நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

வாசற்படியில் நனைந்துகொண்டு நின்றார். திரை உறங்கும், எழுப்புவார். உறங்கும், எழுப்புவார். தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல விரல் தன்பாட்டில் அமத்தியது. வாய் ஓதிக்கொண்டிருந்தது. மஃரிபின் நேரம் போய்விட்டதை அறிந்தார். அல்லாஹ் அறிவான் என்று நின்றார்.

நெடுநேரத்துக்குப் பிறகு காற்றுக்குள் ஓர் இருமல் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. இஞ்சின். நீலம் விழுந்த நுரைமேல் ஒரு படகின் மூக்கு எழும்பி, திறப்பின் நடுவால் சரிந்து வந்தது. படகு மணலில் உரசியது. ஒருவன் மற்றவனின் பெயரைச் சொன்னான். மற்றவன் கெட்ட வார்த்தையால் பதில் சொன்னான். நூர்தீன் வாழ்நாளில் அவ்வளவு அழகான கெட்ட வார்த்தையைக் கேட்டதில்லை. அவர்கள் படியேறி வருமுன், பஸ்தியானைப்போல ஒரு பேச்சுக்கும் இடம்வைக்காமல், கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் தென்னைகளின் பக்கம், கோவிலை நோக்கி ஓடினார்கள்.

திரையைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். இன்னொருமுறை அமத்தி, அந்தக் கருஞ்சிவப்புச் சுழியைக் கொண்டுவந்து, அப்படியே விட்டார். குசினியிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துப் பிசைந்து, முத்திரையைச் சிவப்புப் புள்ளியிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒட்டினார். ரிமோட்டை உள்ளே வைத்து, உறையின் கிழிந்த ஓரத்தையும் அதே சோற்றால் ஒட்டினார். அலைகளும் கண்ணும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. பணிப்பாளர் வந்து பொத்தானை அமத்தும்போது இந்தமுறை பதில் வரும். குழுவின் சிபாரிசு வெற்றி என்று அவர் ஒரு நல்ல உரை நிகழ்த்துவார். நிகழ்த்தட்டும்.

தூரத்தில் கோவில் மணி ஒருமுறை அடித்தது. யாரோ கயிற்றைப் பிடித்துத் தொங்கி அழுவதுபோல் ஒழுங்கில்லாமல் அடித்தது.

நூர்தீன் கால்முகம் கழுவி, வெறுமையான மண்டபத்தில் முஸல்லாவை விரித்து, தவறிப்போன மஃரிபைக் கழாவாகத் தொழுது நிறைவேற்றினார். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுத்து வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பியபோது, மகளுக்கு அன்று சொன்னதுபோலவே, அங்கே ஒருவரும் இருக்கவில்லை.